எரிந்தது எது? எரித்தது எது?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுச் சேலை வாங்கப் போனவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். சேலையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியால் கொளுத்திக் காட்டுவார்கள். முடி கருகும் வாடை வந்து, விரலால் நசுக்கியதும் பொடியாகிவிடும் கரி மிஞ்சினால் அது பட்டு. உருகிக் கெட்டியான மணிபோலத் திரண்டால் அது செயற்கை இழை. கண்ணை ஏமாற்றக்கூடிய இரண்டு பொருள்களை மூக்கும் சாம்பலும் பிரித்துச் சொல்லிவிடுகின்றன.

இப்போது அதே ஊரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசைமேல் ஓர் அலைகாட்டி இருக்கிறது. ஆஸிலாஸ்கோப் என்றே எல்லோரும் அழைக்கும் கருவிதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. நாற்பது மாணவர்களுக்கு அது ஒன்றுதான். செய்முறைத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம். காலையில் சுவிட்சைப் போட்டதும் பச்சைக் கோடு ஒரு கணம் தோன்றியது. உடனே மேலே ஓடி மறைந்தது. பின்புறத் துளைகள் வழியாக மெல்லிய புகை. அறை முழுவதும் ஒரு நாற்றம்.

“போய்விட்டது, கழித்துக் கட்டிவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் மின்வழங்கிப் பலகையில் ஒரே ஒரு மின்தடை கருகியிருக்கும். அதன் அடியில் பலகையும் கறுத்திருக்கும். பத்துப் பைசா பெறாத அந்தத் துண்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். மாற்றிப் பாருங்கள், அடுத்த நிமிடமே புதியதும் கருகும். ஏனென்றால் எரிந்தது ஒன்று, எரித்தது வேறொன்று. பழுதுபார்ப்பவரின் வேலை இரண்டாவதைக் கண்டுபிடிப்பதுதான்.

பெட்டிக்குள் எத்தனை மின்சாரம்?

அலைகாட்டியின் உயிர் அதன் கண்ணாடிக் குழாய். ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் 1897-இல் இதை அமைத்தார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்சன் அத்தகைய குழாய்களைக் கொண்டே எலெக்ட்ரான் என்னும் துகளை இனங்கண்டார். குழாயின் ஒரு முனையில் சூடான எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. 2,000 வோல்ட் அழுத்தம் அவற்றை இழுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 26,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து திரையில் மோதி ஒளிப்புள்ளியை உண்டாக்குகின்றன. அந்தப் புள்ளியை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்தால் கோடு. கோட்டின் வடிவமே நாம் அளக்க விரும்பும் அலை.

இதற்காகப் பெட்டிக்குள் பலவகை மின்னழுத்தங்கள் தேவைப்படுகின்றன. எதிர்மின்வாய்க்குக் கழித்தல் 2,000 வோல்ட். புள்ளியை அசைக்கும் தகடுகளுக்கு நூறு வோல்ட்டுக்குச் சற்று மேல். சிறு டிரான்சிஸ்டர்களுக்குக் கூட்டல் 12, கழித்தல் 12. எண்முறைச் சில்லுகளுக்கு 5. குழாயின் இழையைச் சூடாக்க 6.3. சுவரிலிருந்து வருவதோ 230 வோல்ட், அதுவும் நொடிக்கு 100 தடவை திசை மாறும் மின்சாரம். ஒன்றைப் பலவாக்கித் தருவதுதான் மின்வழங்கிப் பலகை. பெட்டியில் ஓடும் ஆற்றல் முழுவதும் இதன் வழியாகத்தான் போகவேண்டும். வெப்பமும் இங்கேதான் அதிகம். ஆகவே பழைய கருவிகளில் முதலில் நோய்வாய்ப்படுவது பெரும்பாலும் இந்தப் பலகையே.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் காஞ்சிபுரத்தைச் சுற்றிலும் உவமை கிடைக்கிறது. அந்தப் பகுதியை ஏரி மாவட்டம் என்பது வழக்கம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பயிருக்கோ நாள்தோறும் ஒரே அளவு நீர் வேண்டும். பெய்ததை ஏரியில் தேக்கி, மதகைத் திறந்து அளந்து விடுகிறார்கள். மின்வழங்கியிலும் இதுவே நடக்கிறது. மின்மாற்றி 230 வோல்ட்டை 15 வோல்ட்டாகக் குறைக்கிறது. நான்கு டையோடுகள் அதை ஒரே திசையில் ஓடச் செய்கின்றன. ஆனாலும் அது நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் மின்சாரம். விட்டுவிட்டுப் பெய்யும் மழை. பெரிய உருளை வடிவ மின்தேக்கிதான் ஏரி. அதற்கு அப்பால் உள்ள சீராக்கி மதகு. ஏரியில் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அது 12 வோல்ட்டை மட்டுமே வெளியே விடும்.

ஏரி தூர்ந்துபோனால்? மின்தேக்கிக்குள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. சித்திரை வெயிலில் அறையே 40 டிகிரியைத் தொடும் ஊரில், மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சிறு கணக்கும் போடலாம். 2,200 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலிருந்து அரை ஆம்பியர் எடுத்தால், ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே மட்டம் சுமார் 2 வோல்ட் இறங்கும். உச்சம் 20 வோல்ட் என்றால் 18 மீதி, மதகுக்குக் கவலையில்லை. மின்தேக்கி காய்ந்து கால்பங்காகிவிட்டால் இறக்கம் 9 வோல்ட், மீதி 11. பன்னிரண்டை எங்கிருந்து தருவது? திரையில் நேர்க்கோடு நெளியும், தடிக்கும். எரியாமலே வரும் நோய் இது. நம் கதையில் புகை வந்திருக்கிறது. எனவே வேறு காரணம் தேடவேண்டும்.

முதலில் உங்கள் உயிர்

மூடியைத் திறக்குமுன் சில செய்திகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மின்செருகியைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பது தவறு. மின்தேக்கி என்றால் தேக்கி வைப்பது என்றுதானே பொருள்? சில அலைகாட்டிகளில் கனமான மின்மாற்றி இல்லாமல், சுவர் மின்சாரத்தையே நேராகத் திருத்தித் தேக்கும் வகை மின்வழங்கி இருக்கும். அங்கே 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 325 வோல்ட் நிற்கும். அதில் உள்ள ஆற்றல் சுமார் 12 ஜூல். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கப் போதுமானது. இது நெஞ்சின் குறுக்கே பாய்ந்தால் உயிரையே பறிக்கலாம்.

செருகியைப் பிடுங்கிப் பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு நன்கு காப்பிட்ட பிடியுள்ள முனையில் உயர்மதிப்பு மின்தடையைக் கட்டி, அதன் வழியாக மின்தேக்கியை இறக்குங்கள். திருப்புளியை வைத்துப் பட்டென்று பொறி பறக்கச் செய்யும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் உண்டு. அது மின்தேக்கியையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். படக்குழாயின் உயர் அழுத்த முனையை ஒருமுறை இறக்கினால் போதாது. கண்ணாடியில் ஒளிந்திருக்கும் மின்னூட்டம் சற்று நேரத்தில் மீண்டும் மேலே வரும். எனவே இரண்டாம் முறையும் இறக்குங்கள். மின்சாரம் உள்ளபோது அளக்க நேர்ந்தால் ஒரு கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம். தனியாக இருந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். சாதாரண மல்டிமீட்டரை 2,000 வோல்ட்டில் வைக்கவே கூடாது. அதற்கென்று தனி அளவிமுனை உண்டு. எர்த்துக் கம்பியை வெட்டிவிட்டு அலைகாட்டியை ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அப்படி வெட்டினால் உலோகப் பெட்டியே ஒருநாள் 230 வோல்ட்டில் நிற்கும்; முதலில் அதைத் தொடுபவர் ஒரு மாணவராக இருப்பார்.

நாற்றம் தரும் சாட்சி

பாதுகாப்பாக இறக்கியாயிற்று. இனிப் பட்டு இழையைச் சோதித்த மூக்கை இங்கேயும் பயன்படுத்தலாம். மின்மாற்றியின் சுருள் எரிந்தால் வார்னிஷ் தீய்ந்த கனமான வாடை அடிக்கும். அது வந்தால் செய்தி கெட்டது. மின்பகுபொருள் கசிந்திருந்தால் மீன்போன்ற கவிச்சல். மின்தடை கருகினால் பெயிண்ட் பொசுங்கிய கூர்மையான நெடி. மிகப் பழைய கருவிகளில் செலீனியத் தகட்டால் ஆன திருத்தி இருந்தால் அழுகிய முள்ளங்கி நாற்றம் வரும்; அது நஞ்சு, சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள்.

சுவர் மின்சாரம் நுழையும் இடத்தில் சிறு செங்கல்போல ஒரு காகித மின்தேக்கி உண்டு. மின் இரைச்சலை வடிகட்டுவது அதன் பணி. ஒளி ஊடுருவும் பழுப்புப் பூச்சில் வெடிப்புகள் ஓடியிருந்தால், அவற்றின் வழியே ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ஒருநாள் அது படீரென்று வெடித்து அறை நிறையப் புகை கக்கும். பார்க்கப் பயங்கரம்; ஆனால் அதை மாற்றிவிட்டால் பெரும்பாலும் கருவி பழையபடி ஓடும். சுவிட்சுக்கு முன்பாகவே அது இணைக்கப்பட்டிருந்தால், சுவிட்சை அணைத்த பின்னும் புகையும். அப்போது சுவரிலுள்ள செருகியைப் பிடுங்குவதுதான் வழி.

நம் பலகையில் நாற்றம் பெயிண்ட் நெடி. கருகியிருப்பது 12 வோல்ட் வெளியே செல்லும் பாதையில் உள்ள மின்தடை. அங்கிருந்து பட்டைக் கம்பி வழியாக மின்சாரம் பெருக்கிப் பலகைக்குப் போகிறது. அதன் மதிப்பு 10 ஓம், தாங்கும் திறன் அரை வாட் என்று கொள்வோம். நல்ல நாளில் அதில் ஓடுவது 50 மில்லி ஆம்பியர். மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அதன்படி இங்கே பிறக்கும் வெப்பம் ஒரு வாட்டில் நாற்பதில் ஒரு பங்கு. கைவைத்தால் சூடே தெரியாது.

மின்தடைக்கு அப்பால் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். பன்னிரண்டு வோல்ட்டும் பத்து ஓம் மீதே விழும். மின்னோட்டம் 1.2 ஆம்பியர், முன்னைவிட 24 மடங்கு. வெப்பமோ 14 வாட்டுக்கு மேல். முன்னைவிட 576 மடங்கு! அரை வாட் தாங்கும் பொருள் சில நொடிகளில் கரியாவதில் என்ன வியப்பு?

அப்படியானால் ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஃபியூஸ் இருப்பது 230 வோல்ட் பக்கம். உள்ளே 20 வாட் கூடுதலாகச் செலவானாலும் சுவர்ப் பக்கம் கூடுவது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான். அரை ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கவனிப்பதே இல்லை. மின்மாற்றியையும் கட்டடத்தையும் காப்பதே அதன் வேலை. பத்து ஓம் மின்தடையைக் காப்பது அன்று. இதனால் ஃபியூஸ் பயனற்றது என்று எண்ணி, அங்கே செப்புக் கம்பியைச் சுற்றிவிடாதீர்கள். அடுத்தமுறை எரிவது மின்மாற்றியாக இருக்கும். அது கடையில் கிடைக்காது.

கருகியதன் மதிப்பை அறிவது

மின்தடையின் வண்ண வளையங்கள் எரிந்துபோய்விட்டன. மதிப்பு என்னவென்று எப்படித் தெரியும்? நேர்வழி, சர்வீஸ் கையேட்டைப் பார்ப்பது. அக்காலத்துக் கருவிகளின் உற்பத்தியாளர்கள் இதில் தாராளமாக இருந்தார்கள். 1972-இல் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 465 போன்ற அலைகாட்டிகளின் கையேடுகளில் முழு மின்சுற்றுப் படமும், ஒவ்வொரு பகுதி வேலை செய்யும் முறையும், எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்பதும் அச்சாகியிருக்கும். இன்று அவற்றுள் பல இணையத்தில் கிடைக்கின்றன. ஆய்வுக்கூட அலமாரியின் அடித்தட்டிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பழைய தேர்வுத் தாள்களுக்கு அடியில் கிடைப்பதுண்டு.

கையேடு இல்லாவிட்டால் பலகையே உதவும். கூட்டல் 12-க்கு ஒரு பாதை இருந்தால் கழித்தல் 12-க்கும் அதேபோன்ற பாதை இருக்கும். இரண்டு அலைவரிசைகள் உள்ள அலைகாட்டியில் முதல் பெருக்கியின் இரட்டைப் பிறவி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். உயிரோடிருக்கும் இணையை அளந்தால் இறந்ததன் மதிப்பு தெரியும். அதுவும் இயலாவிட்டால், மேல் கரியைச் சுரண்டி, எரிந்த இடம்வரை இரு பக்கத்துப் படலத்தையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள். துல்லியமாக வராது; ஆனால் பத்தா, நூறா, ஆயிரமா என்பது தெரிந்துவிடும்.

பலகையில் படிந்த கரியை விட்டுவைக்கலாமா? கூடாது. கரி மின்சாரத்தைக் கடத்தும். 12 வோல்ட் பக்கம் இதனால் பெரிய கெடுதல் வராமல் போகலாம். உயர் அழுத்தப் பக்கம் ஒரு கரிக்கோடு பத்து லட்சம் ஓம் தடையோடு இருந்தாலும், 2,000 வோல்ட்டில் அதன் வழியே 2 மில்லி ஆம்பியர் ஓடும். 4 வாட் வெப்பம் பிறக்கும். அந்த வெப்பம் மேலும் கரியை உண்டாக்கும், கரி மேலும் மின்சாரத்தை இழுக்கும். ஆகவே கறுப்பு முழுவதும் போகும்வரை கூரிய கத்தியால் சுரண்டுங்கள். பேக்கலைட் வகைப் பலகையானால் ஆழமாகவே போகவேண்டியிருக்கும். ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, பள்ளத்தை எப்பாக்சிப் பசையால் நிரப்புங்கள்.

வெப்பத்தில் செப்புப் பாதையும் உரிந்து வந்திருக்கலாம். அதற்காகப் பலகையை எறியவேண்டியதில்லை. காஞ்சிபுரத்துத் தறியில் ஒரு பாவு முடிந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கோப்பதில்லை. பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் ஓர் இழையை விரலால் முறுக்கிச் சேர்த்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று மாறினாலும் துணியில் தெரியும். உங்களுக்கு இருப்பது ஓர் இழைதான். பாதை நல்ல நிலையில் உள்ள இடம்வரை பின்னோக்கிப் போய், பூச்சைச் சுரண்டி, ஈயம் தடவி, காப்பிட்ட கம்பியால் இரு முனைகளையும் இணையுங்கள். எங்கிருந்து எங்கே போயிற்று என்பதை முன்கூட்டியே தாளில் வரைந்துகொள்ள மறக்காதீர்கள். முன்பெல்லாம் இதற்குப் பொறுமையாக உட்கார்ந்து வரைவார்கள். இன்று கைப்பேசியில் நான்கு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

உண்மையான குற்றவாளி

புதிய மின்தடையைப் பொருத்துமுன் பட்டைக் கம்பியைக் கழற்றுங்கள். இப்போது மின்வழங்கிப் பலகை தனி, பெருக்கிப் பலகை தனி. பெருக்கிப் பலகையின் 12 வோல்ட் முனைக்கும் தரைக்கும் இடையே ஓம்மீட்டரை வையுங்கள். நல்ல நிலையில் சில நூறு ஓம் காட்டவேண்டிய இடம். காட்டுவதோ ஒரு ஓம். குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். எரிந்த பலகையில் இல்லை!

ஆனால் அந்தப் பாதையில் எட்டு மின்தேக்கிகள் பக்கவாட்டில் இணைந்திருக்கின்றன. எதை அளந்தாலும் மீட்டர் ஒரே ஒரு ஓமைத்தான் காட்டும். எட்டையும் பிடுங்கிப் பார்க்கலாம், பலகை கந்தலாகும். இதைவிட நயமான வழி ஒன்று உண்டு. மீண்டும் ஏரிக்குப் போவோம். வாய்க்காலில் எங்கோ உடைப்பு. உடைப்பை நோக்கி நீர் ஓடுகிறது. மட்டம் சிறிது சிறிதாகத் தாழ்கிறது. உடைப்பைத் தாண்டிய பகுதியில் ஓட்டமே இல்லை. மட்டம் அப்படியே நிற்கிறது. மின்சாரமும் அப்படித்தான்.

ஒரு டார்ச் செல்லை எடுத்து, 2.2 ஓம், ஒரு வாட் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்த்து, பாதைக்கும் தரைக்கும் இணையுங்கள். ஏறத்தாழ 0.4 ஆம்பியர் ஓடும். செல்லின் ஒன்றரை வோல்ட்டில் பெரும்பங்கு அந்த மின்தடையிலேயே விழுந்துவிடும். மிஞ்சும் சிறு அழுத்தம் டிரான்சிஸ்டர்களை ஒன்றும் செய்யாது. ஒரு மில்லிமீட்டர் அகலச் செப்புப் பாதையில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 2 மில்லிவோல்ட் அளவில் இறக்கம் இருக்கும். மீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து, பாதை நெடுகத் தொட்டுக்கொண்டே போங்கள். 14, 11, 8, 6 என்று குறைந்துவந்து, ஓரிடத்துக்குப் பின் எங்கு தொட்டாலும் 6-இலேயே நின்றுவிட்டால், குறைவது நின்ற இடத்தில் இருப்பதைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அது கண்ணீர்த்துளி வடிவில், மஞ்சளாகவோ நீலமாகவோ உள்ள ஒரு சிறு டான்டலம் மின்தேக்கியாக இருக்கும். வெளியே ஒரு கீறல்கூட இராது. கடுகளவு சந்தேகமும் தோன்றாத முகம்.

டான்டலம் ஏன் இப்படிச் செய்கிறது? அதற்குள் டான்டலம் உலோகத் தூளை அழுத்தி, அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலத்தை வளர்த்திருக்கிறார்கள். படலம் மெல்லியதாக இருப்பதால் சிறு உருவத்தில் பெரிய கொள்ளளவு கிடைக்கிறது. படலத்தில் ஒரு குறை இருந்தால் அங்கே மின்சாரம் கசிகிறது; சூடேறுகிறது; குறை விரிகிறது. மறுபக்க மின்வாயாக உள்ள மாங்கனீசு டை ஆக்சைடு சூட்டில் ஆக்சிஜனைத் தருகிறது. டான்டலம் எரியக்கூடிய உலோகம். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே கூட்டுக்குள்! சில மின்தேக்கிகள் தீப்பொறியோடு வெடிக்கின்றன. சில ஓசையில்லாமல் ஷார்ட் ஆகிவிட்டு, பழியை மின்தடைமேல் போடுகின்றன. அக்காலத்து வடிவமைப்பாளர்கள் 12 வோல்ட் பாதையில் 16 வோல்ட் தாங்கும் டான்டலத்தை வைத்துவிடுவதுண்டு. மாற்றும்போது 25 அல்லது 35 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள்.

இந்தப் பொருள்களுக்குச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவே நம் சந்தை. காஞ்சிபுரத்திலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். மின்பகு மின்தேக்கி வாங்கினால் 105 டிகிரி என்று அச்சிட்டதைக் கேளுங்கள். 85 டிகிரி மலிவு, ஆனால் நம் வெயிலுக்கு உகந்ததன்று. கழற்றி விற்கும் பழைய மின்தேக்கி வேண்டாம். தாங்கும் வோல்ட் பழையதைவிடக் குறையக் கூடாது. கூடினால் பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மின்தடையில் மட்டும் தாராளம் ஆகாது. அரை வாட் இருந்த இடத்தில் ஐந்து வாட் போட்டால், அடுத்தமுறை அது எரியாமல் நின்று வேறெதையோ எரிக்கும். தீப்பிடிக்காத பூச்சுள்ள அரை வாட்டே பொருத்தம்.

பல்பு ஒன்று காவல்

எல்லாம் பொருத்தியாயிற்று. நேராகச் செருகியைச் சொருகிவிடலாமா? வீட்டு வயரிங் செய்பவர்களிடம் சீரிஸ் பல்ப் பலகை இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஒரு குண்டு பல்பின் வழியாகவே கருவிக்கு மின்சாரம் போகும்படி செய்யும் ஏற்பாடு அது. 60 வாட் பல்பின் இழை வெண்சூடாக எரியும்போது ஏறத்தாழ 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கருவி சரியாக இருந்தால் மின்னோட்டம் குறைவு, இழை சூடாகாது, மின்சாரம் தடையின்றிப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், 0.26 ஆம்பியருக்குமேல் போகவிடாது. கருவிக்குப் பதில் பல்பு எரிகிறது, அவ்வளவே. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அதற்கு இப்படி மாறும் இழை கிடையாது. குண்டு பல்பு கடைகளில் அருகிவருகிறது. ஒன்றிரண்டு கிடைத்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் மின்வழங்கிப் பலகையை மட்டும் ஓட்டுங்கள். வெளிவாயில் 24 ஓம், பத்து வாட் மின்தடை ஒன்றைப் பொய்ச்சுமையாகக் கட்டினால் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல சகுனம். 12 வோல்ட் நிற்கிறதா? மீட்டரை மாறுதிசை அளவுக்கு மாற்றினால் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது; காட்டினால் ஏரி தூர்ந்திருக்கிறது, பெரிய மின்தேக்கியையும் மாற்றுங்கள். பிறகு செருகியைப் பிடுங்கி, இறக்கி, பட்டைக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் அளவெடுங்கள். முழுக் கருவியும் சேர்ந்தபின் 100 வாட் பல்பு வேண்டியிருக்கும்.

எதையும் பிழைக்கவைத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மின்மாற்றியில் இழைக்கான சுருள் கழித்தல் 2,000 வோல்ட்டில் மிதக்கிறது. அதன் காப்பு உடைந்துவிட்டால் சுருளை மறுபடி சுற்றத் தேர்ந்தவர் வேண்டும். படக்குழாய் தேய்ந்துவிட்டால் அதோடு சரி. இன்று புதியது கிடைப்பது அரிது. அத்தகைய கருவிகளுக்காகத்தான் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டத்தின்கீழ் சில பல்கலைக்கழகங்களில் கருவி மையங்கள் அமைந்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உள்ளது அவற்றுள் ஒன்று. உங்கள் கைக்கு மீறியதென்று தோன்றினால் இத்தகைய மையத்தைக் கேட்கலாம். மலிவான எண்முறை அலைகாட்டியும் வந்துவிட்டது. அலையை நினைவில் வைத்துக்காட்டும் வசதி அதில் உண்டு. ஆனால் அதன் பலகையில் உள்ள மின்தடை அரிசி நுனியைவிடச் சிறியது. கருகினால் முகரக்கூட முடியாது. மாணவர் ஒருவர் மூடியைத் திறந்து, ஏரியையும் மதகையும் விரலால் சுட்டிக்காட்டக் கூடியது பழைய கருவியில்தான்.

பல்பை அகற்றி நேரடியாக இணையுங்கள். அரை நிமிடத்தில் இழை சூடேறும். ஒளிர்வுத் திருகை மெல்லக் கூட்டுங்கள். மேல்–கீழ், இட–வலத் திருகுகளை நடுவில் வையுங்கள். பச்சைக் கோடு வந்துவிட்டதா? முன்பக்கத்தில் சதுர அலை தரும் சிறு முனை ஒன்று இருக்கும். அளவிமுனையை அதில் மாட்டி, உயரமும் அகலமும் பொறித்த மதிப்போடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்; மின்னழுத்தம் சற்று மாறியிருந்தால் இங்கே தெரிந்துவிடும். பிறகு மூடியைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். மூடி இல்லாமல் நன்றாக ஓடிய கருவி, மூடிய சூட்டில் சண்டித்தனம் செய்வதுண்டு.

மறுபடியும் திறந்து எல்லா மின்னழுத்தங்களையும் அளந்து, தேதியோடும், மாற்றிய பொருள்களின் மதிப்போடும் ஒரு தாளில் எழுதுங்கள். அதை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுத் திருகுகளை முடுக்குங்கள். இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து இதைத் திறப்பவருக்கு நீங்கள் யாரென்று தெரியாது. பத்து ஓம் என்பது தெரிந்தால் போதும்.